பி.சி.எல்.-ஆர். இரண்டாம் பதிப்பு: தண்டனை அறிக்கை எழுதுபவர்கள் வாங்கலாமா?

மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசுத் தரப்பு செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே முன்வைக்க வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மட்டும் பார்த்துவந்த கருவிகளைக் காசு கொடுத்து வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி இதனால் நம் ஊர் மருத்துவமனைக் குழுக்களுக்கும் வந்துவிட்டது. அந்தப் பேச்சில் முதலில் அடிபடும் பெயர் கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேரின் சைக்கோபதி (இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாமல் பிறரை ஏமாற்றி வாழும் குணம்) சரிபார்ப்புப் பட்டியல், சுருக்கமாக பி.சி.எல்.-ஆர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சிறை ஆராய்ச்சிக்கும், குற்றவியல் மனநல மருத்துவமனையில் நீண்ட நாள் இருக்கப்போகும் ஒருவரைப் புரிந்துகொள்வதற்கும் இது வாங்கத் தகுந்த பொருள். தண்டனை அறிக்கைக்காக, அதாவது தண்டனையை முடிவுசெய்ய நீதிமன்றத்துக்குத் தரும் மதிப்பீட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். இவர் திருந்தக் கூடியவரா, திருந்தியிருக்கிறாரா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. இந்தக் கருவியோ, ஆளிடம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்கும் குணத்தை அளப்பதற்காகவே செய்யப்பட்டது. பதில் சொல்லவே முடியாத கேள்வியை அதனிடம் கொண்டுபோய் வைக்கிறோம்.

வெளியிடுவது டொரன்டோவில் உள்ள எம்.எச்.எஸ். நிறுவனம். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஹேர் இதை 1980-இல் 22 கூறுகளோடு (தனித்தனியே மதிப்பெண் போடும் குணங்கள், நடத்தைகள்) தொடங்கினார். 1991-இல் அது 20 கூறுகளானது. இப்போது விற்பனையில் உள்ள இரண்டாம் பதிப்பு 2003-இல் வந்தது. பெட்டியில் தொழில்நுட்பக் கையேடு, கூறுகளுக்கான விளக்கங்கள் அடங்கிய மதிப்பீட்டுப் புத்தகம், நேர்காணல் வழிகாட்டிகள், மதிப்பெண் தாள்கள் இருக்கும். முதல் இரண்டும் ஒருமுறை வாங்கினால் போதும். பின் இரண்டும் ஆளுக்கு ஒன்று வீதம் தீர்ந்துகொண்டே போகும், எனவே பட்ஜெட் போடும்போது பெட்டியின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. வழிகாட்டியை ஜெராக்ஸ் எடுத்து ஓட்டுவது பதிப்புரிமை மீறல். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கக்கூடியதும் அதுதான். தகுதிச் சான்று காட்டினால்தான் விற்பார்கள். பயிற்சிப் பயிலரங்கம் தனி, பெட்டியோடு வராது. புத்தகத்தைப் படித்துவிட்டு நேரே சிறைக்குப் போய் மதிப்பெண் போடுவது, எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், ஏற்கத்தக்கதல்ல.

இணையத்தில் உலவும் ‘நீங்கள் சைக்கோவா’ வகை வினாத்தாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் கைதி எதையும் நிரப்புவதில்லை. மதிப்பீட்டாளர்தான் ஒவ்வொரு கூறுக்கும் 0, 1, 2 என்று போடுகிறார். பொருந்தாவிட்டால் 0, நன்றாகப் பொருந்தினால் 2, ஓரளவுக்குப் பொருந்தினாலோ சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலோ 1. மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐ எல்லைக் கோடாக வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆய்வுகளில் 25-ஐயும் வைப்பதுண்டு. வட அமெரிக்காவில் ஆண் கைதிகளின் சராசரியே சுமார் 22 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் 24, 25 என்ற எண்களைப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள். இன்னொன்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 நோய்ப் பட்டியலில் சைக்கோபதி என்ற தனி நோயே கிடையாது. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்பது வேறு. இந்த மதிப்பெண்ணை நோயறிதல் போல எழுதும் அறிக்கை முதல் பக்கத்திலேயே தவறிவிட்டது.

20 கூறுகளில் 18 நான்கு முகங்களாகப் பிரிகின்றன. ஆட்களோடு பழகும் விதம் ஒன்று: வாய்ச்சாலகம், தற்பெருமை, பொய், ஏமாற்று. உணர்ச்சி அடுத்தது: குற்ற உணர்வின்மை, மேலோட்டமான உணர்ச்சி, இரக்கமின்மை, தன் செயலுக்குப் பொறுப்பேற்காமை. வாழ்க்கை முறையில் சலிப்பு, பிறர் உழைப்பில் வாழ்வது, இலக்கின்மை, யோசிக்காமல் இறங்குவது, பொறுப்பின்மை ஆகியவை வரும். கடைசியாகச் சமூக விரோதம்: கோபத்தை அடக்க முடியாமை, 12 வயதுக்குள் நடத்தைச் சிக்கல், 17 வயதுக்குள் குற்றம், நிபந்தனை விடுதலையை மீறியது, பல வகைக் குற்றம். பாலுறவு ஒழுங்கின்மையும் குறுகிய காலத் திருமண உறவுகள் பலவும் எந்த முகத்திலும் சேராமல் மொத்தத்தில் மட்டும் கூட்டப்படுகின்றன. குற்றச்செயலே குணத்தின் பகுதியா, அல்லது அதன் விளைவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. குக், மிச்சி என்ற ஆய்வாளர்கள் 2001-இல் குற்றக் கூறுகளை விலக்கி 13 கூறுகளோடு ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். வாங்குபவருக்கு இதனால் கிடைக்கும் எச்சரிக்கை ஒன்றுதான்: 28 வாங்கிய இருவரில் ஒருவரிடம் வாய்ச்சாலகமும் இன்னொருவரிடம் பழைய குற்றமும் மேலோங்கி இருக்கலாம். மொத்தத்தை மட்டும் எழுதி முகங்களை எழுதாத அறிக்கையால் யாருக்கும் பயனில்லை.

வேலை நடக்க வேண்டிய முறை இது. முதலில் கோப்பு. எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, முந்தைய தீர்ப்புகள், சிறையின் ஹிஸ்டரி டிக்கெட் (கைதியின் சிறைவாசப் பதிவு), நன்னடத்தை அலுவலர் அறிக்கை, பள்ளி, வேலை, மருத்துவப் பதிவுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேர நேர்காணல், தேவைப்பட்டால் இரண்டு அமர்வாக. கோப்பு வலுவாக இருந்தால் நேர்காணல் இல்லாமலும் மதிப்பெண் போடக் கையேடு இடம் கொடுக்கிறது. நேர்காணலை மட்டும் நம்பிக் கோப்பு இல்லாமல் போடுவதற்கு இடமே கிடையாது. சாமர்த்தியமாகப் பொய் சொல்வது அளக்கப்படும் குணங்களில் ஒன்றாக இருக்கும்போது, ஆளின் வாயை மட்டும் கேட்டு அதை எப்படி அளப்பது? இருவர் தனித்தனியே போட்டுச் சராசரி எடுப்பதே நல்லது என்றும் கையேடு சொல்கிறது. நடைமுறையில் அதிகம் கைவிடப்படும் அறிவுரை அதுதான்.

கூறுகள் வாழ்நாள் முழுவதையும் பார்த்துப் போட வேண்டியவை. நேர்காணல் நாளன்று ஆள் எப்படி இருந்தார் என்பது சான்றில் ஒரு துணுக்கு மட்டுமே. மன அழுத்தத்தில் இருப்பவரும், மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுப்பவரும், தூக்குத் தண்டனைக் கைதியாகத் தனி அறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவரும் முகத்தில் சலனமே இல்லாமல் பேசுவார்கள். அதைப் பார்த்து ‘மேலோட்டமான உணர்ச்சி’க்கு 2 போடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது குற்றத்தைப் பற்றி வாய் திறக்காதே என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தால், குற்ற உணர்வு, பொறுப்பேற்பு ஆகிய இரண்டுக்கும் அந்த மௌனத்தைச் சான்றாக எடுக்கக் கூடாது. பழைய வழக்குகள், குடும்பத்தாரிடம் நடந்துகொண்ட விதம் போன்ற வேறு இடங்களில் தேட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாக நடக்கும் நேர்காணலில் வாய்ச்சாலகம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. புழலில் இருக்கும் ஒரு பீகார் தொழிலாளியின் இந்தி தமிழாகி மதிப்பீட்டாளர் காதுக்கு வரும்போது, பேச்சின் வழவழப்பு முழுக்க மொழிபெயர்த்தவருடையதாக இருக்கலாம்.

கோப்பு விஷயத்தில்தான் இந்தக் கருவி இந்தியாவில் தடுக்கி விழுகிறது. 17 வயதுக்கு முந்தைய குற்றத்தை எடுத்துக்கொள்வோம். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் சிறார் குற்றப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். கொடுங்குற்றத்துக்காக வயதுவந்தவர்போல நடத்தப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. சட்டமே அழிக்கச் சொன்ன தாளைத் தேடி ஒரு கூறுக்கு மதிப்பெண் போட முடியாது. அழிந்துபோனதை ‘குற்றமில்லை’ என்று எடுத்து 0 போடுவதும் சரியல்ல, ‘இருந்திருக்கும்’ என்று 1 போடுவதும் சரியல்ல. விட்டுவிட வேண்டும். தெரியாததற்கு 1 போடும் பழக்கம் பெரிய வியாதி. 1 என்பது பாதி பொருந்துகிறது என்ற தீர்மானம், தெரியவில்லை என்பதல்ல.

‘பல வகைக் குற்றம்’ என்ற கூறிலும் இதே கதை. ஆறு வகை அல்லது அதற்கு மேல் என்றால் 2. ஒரே இரவில் நடந்த ஒரே சம்பவத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 302, 392, 449, 201, 120-பி என்று ஐந்து பிரிவு போட்டிருப்பார்கள். கவனக்குறைவான மதிப்பீட்டாளர் பிரிவுகளை எண்ணி ஐந்து வகை என்று எழுதிவிடுவார். கையேட்டில் ‘வகை’ என்பது கொலை, கொள்ளை, போதைப்பொருள், மோசடி என்பது போன்ற பெரிய தொகுப்பு. முதலில் ஒவ்வொரு பிரிவையும் எந்தத் தொகுப்பில் விழுகிறது என்று பார்த்து எழுதி, பிறகே எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்தது தடுப்புக் காவல், அது குற்றச்சாட்டுமல்ல, தண்டனையுமல்ல. அதைக் குற்றக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ரவுடி பட்டியலில் பெயர் இருப்பதும் அப்படியே.

விடுபட்ட கூறுகள் என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மொத்தத்தில் ஐந்து கூறு வரை விடலாம், முகவாரி மதிப்பெண்ணுக்கு வரம்பு இன்னும் இறுக்கம். முதல் முறையாகக் கைதான ஒருவர் என்று வையுங்கள். சிறார் பதிவு இல்லை. நிபந்தனை விடுதலையில் போனதே இல்லை. திருமணக் கூறை முடிவுசெய்யத் தகவல் இல்லை. மருந்தின் காரணமாகவும் பழைய விவரம் சொல்ல ஆளில்லாததாலும் ‘மேலோட்டமான உணர்ச்சி’ என்ற கூறு விடப்பட்டது. மிச்சம் 16 கூறுகளில் 24 வாங்கியிருக்கிறார். விகிதப்படி 20 கூறுக்கு ஏற்றினால் 24-ஐ 20-ஆல் பெருக்கி 16-ஆல் வகுக்க வேண்டும், 30 வருகிறது. தெரியாத நான்கு கூறுக்கும் தலா ஒன்றரை மதிப்பெண்ணைக் கணக்கே தானமாகக் கொடுத்து அவரை எல்லைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அந்த நான்கிலும் உண்மையில் 0 என்றால் அவர் 24-இல்தான் இருப்பார். இந்த வித்தியாசத்தை அறிக்கையில் திறந்து எழுதாமல் ‘மதிப்பெண் 30’ என்று மட்டும் எழுதுவது ஏமாற்றுக்குச் சமம்.

இதற்கு மேல் அளவைப் பிழை வேறு. ஒருவர் மட்டும் போட்ட மொத்த மதிப்பெண்ணுக்குத் திட்டப் பிழை சுமார் 3. அதாவது 30 என்று வந்தால் உண்மை மதிப்பு 24-க்கும் 36-க்கும் இடையில் எங்கேயோ என்று 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவுதான்.

அதுவும் நடுநிலையான ஆராய்ச்சிச் சூழலில். நீதிமன்றத்தில் நிலைமை மோசம். டெக்சஸில் பாலியல் குற்றவாளிகளைத் தண்டனைக்குப் பிறகும் சட்டக் கட்டுப்பாட்டில் வைக்கும் வழக்குகள் 23-ஐ முர்ரி, பொக்காச்சினி குழுவினர் 2008-இல் ஆராய்ந்தார்கள். ஒரே ஆளுக்கு இரு தரப்பு நிபுணர்களும் போட்ட மதிப்பெண்களின் ஒப்புமை (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.39 மட்டுமே. ஆராய்ச்சிகளில் 0.8-க்கு மேல் சாதாரணமாக வரும் எண் இது. வித்தியாசம் பெரும்பாலும் கூலி கொடுத்தவர் பக்கமே சாய்ந்திருந்தது. ஒருவேளை வழக்கறிஞர்கள் தமக்குச் சாதகமான நிபுணரைத் தேடிப் பிடித்ததால் அப்படி வந்திருக்கலாம் என்று சொல்ல இடமிருந்தது. அதையும் 2013-இல் சோதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களுக்கு ஒரே கோப்புகளைக் கொடுத்து, சிலரிடம் நீங்கள் அரசுத் தரப்பு என்றும் மற்றவர்களிடம் நீங்கள் எதிர்த்தரப்பு என்றும் பொய்யாகச் சொல்லிக் கூலியும் கொடுத்தார்கள். தரப்புக்குத் தக்கபடி மதிப்பெண் நகர்ந்தது. பாலியல் குற்றம் மறுபடி நடக்குமா என்று கோப்பைப் பார்த்து எண்ணிக் கணிக்கும் ஸ்டாடிக்-99-ஆர். கருவியில் நகர்வு குறைவு, தீர்மானம் அதிகம் கேட்கும் பி.சி.எல்.-ஆரில் கூடுதல். நம் வழக்குகளில் அரசு மருத்துவமனைக் குழுவே மதிப்பிடுகிறது, அங்கே கூலிச் சிக்கல் இல்லை என்று தோன்றலாம். காவல்துறைக் கோப்பை மட்டும் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போகும் குழு எந்தத் தரப்பின் கண்ணாடியைப் போட்டிருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

சரி, இத்தனையும் ஒழுங்காகச் செய்து ஒரு நம்பத்தக்க 32 கிடைத்துவிட்டது. அது என்ன சொல்கிறது? எதிர்கால வன்முறையைக் கணிப்பதில் இது மற்ற கருவிகளைவிட மேலானதல்ல. யாங், வாங், கோயிட் 2010-இல் ஒன்பது கருவிகளை ஒப்பிட்டபோது கணிப்புத் திறன் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே நடுத்தர அளவில்தான் இருந்தது. பழகும் விதமும் உணர்ச்சியும் சேர்ந்த முதல் காரணி, ஆண்களிடம் காசு சுண்டிப் பார்ப்பதைவிட மேலாகக் கணிக்கவில்லை. கணிக்கும் வேலையைச் செய்தது பழைய குற்றமும் வாழ்க்கை முறையும். நீதிபதியின் மனதில் ஆழமாகப் பதிவதோ ‘இரக்கமற்றவர், குற்ற உணர்வில்லாதவர்’ என்ற முதல் பாதிதான். அமெரிக்க மரண தண்டனை வழக்குகளில் ‘இவர் சிறைக்குள்ளும் பயங்கர வன்முறை செய்வார்’ என்று காட்ட இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துவதை எதிர்த்து 2020-இல் 13 நிபுணர்கள் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். ஹேர் தரப்பு மறுப்பு எழுதியது. இரண்டையும் படித்த பிறகும், ஒரு தனி மனிதரின் உயிரை இந்த எண்ணில் தொங்கவிடலாம் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

கனடாவில் கேள்வி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மேட்டி பழங்குடியைச் சேர்ந்த ஜெஃப்ரி எவர்ட், முப்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர், பி.சி.எல்.-ஆர். உட்பட ஐந்து கருவிகள் தம் மக்களுக்குப் பொருந்துமா என்று யாருமே சோதிக்கவில்லை என்று வழக்குப் போட்டார். 2018 ஜூன் மாதம் கனடா உச்ச நீதிமன்றம், கைதியைப் பற்றிய தகவல் துல்லியமாக இருக்க எல்லா நியாயமான முயற்சியும் செய்ய வேண்டும் என்ற சட்டக் கடமையைச் சிறைத்துறை மீறியது என்று தீர்ப்பளித்தது. கருவிகள் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பது பல ஆண்டாகத் தெரிந்தும் சோதிக்காமல் ஓட்டியதுதான் தவறு என்றது. கருவி பிறந்த நாட்டிலேயே இந்த நிலை. பெற்றோர் பார்த்துச் செய்யும் திருமணம், இருபது வயதிலும் கூட்டுக் குடும்பச் சோற்றில் இருப்பது, ஒரு இடத்தில் நிலைக்காத தினக்கூலி வேலை எல்லாம் சாதாரணமாக உள்ள ஊரில், திருமண உறவு, பிறர் உழைப்பில் வாழ்வது, பொறுப்பின்மை ஆகிய கூறுகளை எங்கே கோடு கிழித்துப் போடுவது என்பதற்குக் கையேட்டில் விடை இல்லை.

‘30-க்கு மேல் என்றால் திருத்தவே முடியாது’ என்ற வாதத்துக்கும் ஒரு வேர் உண்டு. ஒன்டாரியோவில் பெனடாங்கிஷீன் ஊரில் ஓக் ரிட்ஜ் காவல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற சைக்கோபதியினர், சிகிச்சை பெறாதவர்களைவிட அதிகமாக வன்முறைக் குற்றம் செய்தார்கள் என்று ரைஸ், ஹாரிஸ், கோர்மியர் 1992-இல் எழுதினார்கள். அங்கே நடந்த ‘சிகிச்சை’ என்ன என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதில்லை. ஆட்களை நிர்வாணமாக ஒரு சிறிய அறையில் நாள்கணக்கில் ஒன்றாக அடைத்து, சுவர் வழியே குழாயில் உணவு கொடுத்து, எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளும் கொடுத்தார்கள். அதை வைத்து இன்றைய சிகிச்சைகளை எடைபோடுவது நியாயமில்லை. அந்தத் திட்டம் பின்னாளில் நீதிமன்றம் வரை போனது. இந்தியாவிலோ, மரண தண்டனைக்கு வரையறை வகுத்த உச்ச நீதிமன்றத்தின் பச்சன் சிங் வழக்கில் 1980-இலேயே, திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுதான் சான்றோடு நிறுவ வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. இந்த மதிப்பெண் அந்தச் சான்று ஆகாது.

அதே பணத்துக்கும் நேரத்துக்கும் எதை வாங்கலாம் என்றால், வன்முறை அபாயத்தை மதிப்பிடும் எச்.சி.ஆர்.-20 கருவியின் மூன்றாம் பதிப்பு. 2013-இல் வந்தது. பழைய பதிப்பில் சைக்கோபதி கூறுக்கு ஹேரின் கருவி தேவைப்பட்டது, இதில் தேவையில்லை. கடந்தகாலத்துக்கு 10, தற்போதைய நிலைக்கு 5, வரப்போகும் சூழலுக்கு 5 என்று கூறுகள். மொத்தம் போட்டுக் கூட்டுவதில்லை. எந்தச் சூழலில் என்ன நடக்கலாம், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று எழுத வைக்கிறது, ஆறு மாதம் ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கவும் சொல்கிறது. மாற்றம் பதிவாக இடமிருக்கிறது. கூடவே 17 பாதுகாப்புக் காரணிகள் கொண்ட நெதர்லாந்தின் சாப்ரோஃப் கருவியைச் சேர்த்தால், வேலை, குடும்பத் தொடர்பு, சிகிச்சையில் ஈடுபாடு போன்ற நல்ல பக்கமும் தாளில் ஏறும். இவையும் வெளியூரில் செய்யப்பட்டவைதான், ஆனால் உள்ளூர்ச் சூழலை எழுத இடம் விடுகின்றன.

ஏற்கெனவே ஒரு பி.சி.எல்.-ஆர். மதிப்பெண் உங்கள் வழக்கில் வந்துவிட்டது என்றால், வழக்கறிஞரோ இரண்டாவது உளவியலாளரோ இந்த வரிசையில் கேளுங்கள். மதிப்பெண் போட்டவர் எங்கே பயிற்சி பெற்றார்? ஒருவரா, இருவரா? எந்தெந்த ஆவணங்களைப் படித்தார், எதை நேர்காணலுக்கு முன் படித்தார்? நேர்காணல் எந்த மொழியில், எத்தனை மணி நேரம், மொழிபெயர்ப்பாளர் யார்? அன்று கைதி என்ன மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்? எந்தக் கூறுகள் விடப்பட்டன, ஏற்றாத மதிப்பெண் எவ்வளவு? நான்கு முகங்களும் தனித்தனியே எவ்வளவு? அளவைப் பிழை அறிக்கையில் இருக்கிறதா? ஒவ்வொரு 2-க்கும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் ஆதாரம் என்று காட்ட முடியுமா? மதிப்பெண் தாளின் நகலையும் நேர்காணல் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். தாள் வராமல் எண் மட்டும் வந்தால், அதைச் சான்றாக ஏற்பதை ஆட்சேபித்து எழுத்து மூலம் மனுவாகவே கொடுத்துவிடுங்கள்.